கேட்காமல் கட்டிய கொசுவலை

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் வேலை செய்கிறவர்களும், செய்து ஓய்ந்தவர்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பெரும்பாலும் காலை வணக்கப் படங்கள்தான் வரும். போன வாரம் அதில் ஒரு கேள்வி வந்தது. அனுப்பியவள் சத்யா. நான் வேலையை விட்ட பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவள்.

"அக்கா, விளம்பரத்தைத் தடுக்கிற சாமானை புது கம்ப்யூட்டர்ல கம்பெனிக்காரனே போட்டு, ஆன் பண்ணியே அனுப்பணும்னு ஒரு கட்சி பேசுது. கூடாது, வேணுங்கிறவன் போட்டுக்கட்டும்னு இன்னொரு கட்சி. நம்ம ஊருக்கே போட்டு வுட்டவங்க நீங்க. என்ன சொல்றீங்க?"

எழுதத் தொடங்கினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அதையும் அழித்தேன். குழுவில் ஒருவர், "மல்லிகா அக்கா டைப் பண்றாங்கன்னு காட்டுது, ஒண்ணையும் காணோம். நெட் ஸ்லோவா?" என்று கேட்டார். நெட் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் இப்படித் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். பெரம்பலூரில் தங்கராசு அண்ணன் கடையில் மனு அடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். காலப்போக்கில் மனுக்கள் குறைந்தன. மனு அடித்த கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொண்டது. அதைத் திறந்து பார்த்தேன். திரும்ப மூடியபோது ஓடியது. என் பயிற்சி அவ்வளவுதான்.

கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "சார் இல்லீங்களா?" என்று கேட்பார்கள்.

"டீ குடிக்கப் போயிருக்காருங்க."

காத்திருப்பார்கள். அண்ணன் வந்து விசாரித்துவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியை என் பக்கம் நகர்த்துவார். இந்த ஏற்பாடு எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. வாயைத் திறக்க வேண்டியதில்லை.

அண்ணன் விசாரிக்கும் அழகைப் பார்க்க வேண்டும். பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைப்பார். காய்ச்சல் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் கண்ணை மூடுவார்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"பொங்கலுக்கு அப்புறந்தாங்க."

"வெளியில ஏதாச்சும் தின்னுச்சா?"

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு, "மச்சினன் ஒரு பென் டிரைவ் சொருகுனாங்க" என்பார்.

"அதான பாத்தேன். வைரஸ் ஏறிடுச்சு. ஃபார்மட் அடிச்சுரலாம்."

எந்த நோய்க்கும் அவரிடம் மருந்து ஒன்றுதான். வந்தவருக்கோ டாக்டரிடம் காட்டிய திருப்தி. மின்சாரம் போகும் வயர் தளர்ந்திருந்தாலும் ஃபார்மட்தான். நான் சத்தமில்லாமல் வயரை அழுத்திவிட்டு, அவர் வாக்கைக் காப்பாற்ற ஃபார்மட்டும் அடித்துக் கொடுப்பேன்.

அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கல்யாணப் போட்டோக்களைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அதன் பிறகுதான் அழிக்கலாம். சிஸ்டம் ஏற்றி, தமிழ் எழுத்து ஏற்றி, பிரிண்டரைப் பழக்கி, கடைசியில் திரையின் பின்னணிப் படத்தைப் பழையபடி வைக்க வேண்டும். முருகன் இருந்த இடத்தில் முருகன், குழந்தை இருந்த இடத்தில் குழந்தை. திரையில் இருக்கும் சின்னப் படங்களும் பழைய வரிசையில் நிற்க வேண்டும். இதில் தவறினால், உள்ளே எவ்வளவு நன்றாக ஓடினாலும், "இது எங்க கம்ப்யூட்டர் இல்லீங்க, மாத்திட்டீங்க" என்று சண்டைக்கு வருவார்கள்.

இன்டர்நெட் வீடுகளுக்குள் வந்த பிறகு நோயின் குணம் மாறியது. எதைத் திறந்தாலும் விளம்பரம். பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போனால் பெரிய பச்சைப் பட்டன் ஒன்று வந்து, அமுக்கு என்று கண்ணடிக்கும். நிஜமான பட்டன் அதற்குக் கீழே எறும்பு அளவில் இருக்கும். எங்கள் ஊரில் யாரும் எறும்பை அமுக்க மாட்டார்கள்.

ஒருநாள் குன்னத்திலிருந்து ஒருவர் வந்தார். பழைய வேட்டியில் சுற்றி, மானிட்டரை மட்டும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பெட்டி எங்கீங்க?" என்றார் அண்ணன்.

"அது வூட்ல நல்லாத்தாங்க இருக்கு. இதுலதான் கோளாறு. உன் கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்குன்னு இதே எழுதிக் காட்டுது."

அண்ணன் மானிட்டரின் தலையில் கை வைத்தார். "உண்மையப் பேசுற மானிட்டருங்க இது. ஆனா பெட்டியும் வேணுமே."

மறுநாள் மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவில் பெட்டி வந்து இறங்கியது. வைரஸ் இருக்கிறது என்று விளம்பரம் சொன்னபோது அதில் வைரஸ் இல்லை. நீக்க இங்கே அமுக்கவும் என்றதை நம்பி இவர் அமுக்கிய பிறகுதான் வந்திருக்கிறது.

"அமுக்குன்னு சொல்லுச்சு, அமுக்குனேன். ஒருத்தர் சொல்றப்ப கேக்காம இருக்கலாமா?" என்றார் அவர். மரியாதை தெரிந்த மனிதர்.

சத்யா கேட்ட அந்தச் சாமான் பக்கம் என்னைத் தள்ளியவர் அதற்கடுத்து வந்த ஒரு தலைமையாசிரியர். ஓய்வு பெற்றவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. ஊரில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள், அண்ணன் உட்பட. கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

"தங்கராசு, பேப்பர் படிக்கத்தான் தொறக்கிறேன். ஓரத்துல ஒரு பொண்ணு வருது."

"எந்த மாதிரிப் பொண்ணு சார்?" அண்ணனுக்குக் குரலைத் தணிக்கத் தெரியாது.

"மெதுவாப் பேசுடா. ஆடிக்கிட்டே வருது. துணிமணி பத்தல."

"அம்மா பாத்துட்டாங்களா?"

"பாத்ததனாலதான் வந்திருக்கேன். தட்டை வைக்கிறா, சோத்தப் போடுறா, போயிடறா. பேச்சே இல்ல. தலையங்கம் படிச்சேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறா."

அண்ணன் என் பக்கம் திரும்பி, "மல்லிகா, சாருக்கு அந்தப் பொண்ண மட்டும் எடுத்து வுட்டுரு" என்றார்.

நான் நிமிரவே இல்லை. விளம்பரத்தைத் தடுக்கும் சின்னச் சாமான் ஒன்று இருப்பதைப் படித்திருந்தேன். அதைத் தேடி இறக்கி, பிரவுசரில் மாட்டினேன். அந்தப் பெண் போனாள். அவளோடு வட்டிக் கடையும் வழுக்கை எண்ணெயும் பச்சைப் பட்டனும் போயின. பக்கம், கழுவி விட்ட முற்றம் போல் இருந்தது. வீட்டில் பேச்சு திரும்பிவிட்டதாகச் சார் அடுத்த வாரம் வந்து சொன்னார். பேச்சு கொஞ்சம் அதிகமாகவே திரும்பிவிட்டது என்றும் சொன்னார்.

அண்ணன் அதற்குக் கொசுவலை என்று பெயர் வைத்தார். தானே நெய்தது போல, 'ஃபார்மட் செய்தால் கொசுவலை இலவசம்' என்று வாசலில் போர்டும் வைத்தார். நிஜக் கொசுவலை கேட்டே சிலர் வந்தார்கள்.

அன்று முதல் யாருடைய பெட்டி வந்தாலும் கொசுவலை மாட்டித்தான் அனுப்பினேன். போடட்டுமா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டால், "எதுக்குங்க?" என்பார்கள். எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு, கேட்காமலே மாட்டினேன். இதைத்தான் இப்போது டீஃபால்ட் என்கிறார்கள். இதற்குப் பின்னால் பெரிய கொள்கை இருக்கும் என்று நினைத்துத்தான் சத்யா என்னிடம் கேட்கிறாள்.

இந்தக் கட்டத்தில் குமரவேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த தம்பி. அதை விட்டுவிட்டு, நம் இரண்டு ஜில்லாவுக்கும் சொந்தமாக ஒரு வெப்சைட் நடத்தினான். எந்த ஊரில் கரண்ட் கட், எந்தப் பாலத்தில் தண்ணீர், எந்த பஸ் நின்றுபோனது எல்லாம் அதில் வரும். முக்கியமாகச் சின்ன வெங்காய விலை. விடியும் முன்பே மண்டிகளுக்குப் போன் போட்டு விசாரித்து ஏற்றிவிடுவான். விலை ஏறட்டும் என்று வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் வண்டிக்குச் சொல்வார்கள். தலைமையாசிரியர் சாரும் தன் காட்டில் விளைந்த வெங்காயத்துக்காகப் பார்ப்பார். யாரிடமும் காசு வாங்காமல் நடத்தினான். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிக்காரர் என்று உள்ளூர் விளம்பரங்கள்தான் அவனுக்குச் சோறு.

அண்ணன் அரியலூரில் ஒரு கிளை திறந்தார். சிமெண்ட் ஆலைகள் இருக்கும் ஊர், வேலைக்குப் பஞ்சமில்லை என்று கணக்கு. ரெட்டிபாளையம் பக்கத்துப் பெட்டி ஒன்றைத் திறந்து ஊதிவிட்டு, "இதுல இருக்கிற சிமெண்ட் பவுடர வச்சு ஒரு ரூமே கட்டிரலாம்" என்று சந்தோஷப்பட்டார். கிளைக்குக் குமரவேலிடம் விளம்பரம் கொடுத்தார். அண்ணன் ஒரு பெட்டியின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடி நிற்கும் போட்டோ. கீழே, 'அரியலூரில் நமது புதிய கிளை.'

கொஞ்ச நாள் கழித்துக் கடையில் உட்கார்ந்து அந்த சைட்டைத் திறந்தார். வெங்காய விலை இருந்தது. கரண்ட் கட் இருந்தது. அண்ணன் இல்லை.

குமரவேலை வரச் சொன்னார். அவன் பைக்கை நிறுத்தி உள்ளே வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏன்டா தம்பி, நான் எங்கடா?"

"மேலேயே இருக்கீங்களேண்ணே. என் போன்ல பாருங்க."

"கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு விளம்பரம் போன்ல தெரிஞ்சா போதுமா? பல்டாக்டர் விளம்பரத்தக் காதுல சொல்ற மாதிரி இருக்குடா. இங்க பாரு. இங்க பாரு. எங்க இருக்கேன்?"

குமரவேல் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று. "இதையேதாண்ணே ஜவுளிக்கடைக்காரரும் சொன்னாரு. பாத்திரக்கடையும் சொல்லிட்டாங்க. எங்க ஆபீஸ்ல தொறந்தா தெரியவே இல்ல, ஏமாத்துறியான்னு கேட்டுக் காச நிறுத்திட்டாங்க. என் வூட்டுக் கம்ப்யூட்டர்லயும் தெரிய மாட்டேங்குது. நான் ஏத்துறதுலதான் தப்புன்னு தினமும் புதுசா ஏத்துறேன். போர் வண்டிக்காரரு ஒருத்தர்தான் மிச்சம். அவரு இன்னும் கம்ப்யூட்டர்ல பாக்கல."

"சைட்ட நல்ல ஆளுகிட்டக் காட்டு."

"ஐப்பசி வரைக்கும் பாக்குறேண்ணே. அப்புறம் இழுத்து மூடிட்டுத் திருப்பூர் போறேன். மச்சான் கம்பெனியில சூப்பர்வைசர் வேலை இருக்காம்."

அவன் வீட்டுக் கம்ப்யூட்டர் என் கையால் ஃபார்மட் ஆனது. ஜவுளிக்கடையுடையதும் பாத்திரக்கடையுடையதும் அப்படித்தான். விளம்பரம் கொடுத்தவர், வாங்கியவன், பார்க்க வேண்டியவர் மூன்று பேரும் என் வலைக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு இருந்தேன். திருக வேண்டியது ஒன்றும் இல்லை. திருகிய ஸ்க்ரூவையே கழற்றித் திரும்பத் திருகினேன்.

கடைசியில், "அண்ணே, அது நம்ம கொசுவலை" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். 

"என்னம்மா சொல்ற?"

"விளம்பரம்னா அது எல்லாத்தையும் தடுத்துரும். நல்லது கெட்டது பாக்காது."

அண்ணனுக்குக் கோபம் வந்தது. என் மேல் அல்ல. "அப்ப நான் கொசுவா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

"அதுக்கு அப்படித்தாங்கண்ணே தெரியுது."

"நான் மாட்டுன வலை என்னையே தடுக்குமா? என்னை மட்டும் உள்ள வுடு."

"அப்ப ஜவுளிக்கடை?" என்றான் குமரவேல்.

"அவரு நம்மகிட்ட சர்வீஸ் பண்றவரு. வுடு. பாத்திரக்கடையும் வுடு."

"எதிர் ஜவுளிக்கடைண்ணே?"

"அவன் திருச்சியில சர்வீஸ் பண்றான். கொசு."

"பச்சைப் பட்டன்காரன் வந்து கேட்டா?" என்று நானே கேட்டுவிட்டேன். ஒரு தடவை வாய் திறந்தால் இப்படித்தான் ஆகிறது.

அண்ணன் யோசித்தார். "வந்து மரியாதையா கேட்டா பாப்போம்" என்றார். வேண்டியவர் விளம்பரத்தை மட்டும் உள்ளே விடும் வழியை, பெரிய கம்பெனிகள் பல வருஷம் யோசித்துக் கண்டுபிடித்ததை, அவர் ஒரு டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார் என்று பின்னாளில் சத்யா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஊரில் உள்ள பெட்டிகளை எல்லாம் திரும்ப வரவழைத்து யாரை விட்டேன், யாரை விடவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குமரவேலின் சைட்டை உள்ளே திறந்து பார்த்தேன். விளம்பரப் படங்களை எல்லாம் அவன் ஃபோல்டர் என்கிற ஓர் அறையில் போட்டு, அதன் வாசலில் ஆங்கிலத்தில் 'ஆட்ஸ்' என்று பெயர் எழுதியிருந்தான். கொசுவலை அந்தப் பெயரைத்தான் பிடித்திருக்கிறது. அது வெளிநாட்டில் நெய்த வலை. அதற்கு ஆங்கிலம்தான் தெரியும்.

"தம்பி, அந்தப் பேர அழிச்சுட்டு, விளம்பரம்ங்கிறதையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுப் பாரு."

அடித்தான். திறந்தான். பெட்டியின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடியபடி அண்ணன் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, போர் வண்டி எல்லோரும் வரிசையாக வந்தார்கள்.

"பாத்தியா, தமிழன்னா அது தொடாது" என்றார் அண்ணன்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். சில நாளில் தலைமையாசிரியர் சார் வந்தார். மறுபடி ஆள் இல்லாத நேரம். "அம்மா, திரும்ப வந்துருச்சு" என்றார்.

"அந்தப் பொண்ணா சார்?"

"இது வேற பொண்ணு. வெங்காய வெல பக்கத்துல நிக்கிது."

"அது ஜவுளிக்கடை விளம்பரங்க சார். சேலை முழுசாக் கட்டியிருக்கும்."

"கட்டியிருக்கு. நான் இல்லேங்கல. நீ வலை மாட்டுனப்ப என்னைக் கேக்கல, நல்லதுதான்னு வுட்டுட்டேன். இப்ப ஓட்டை போட்டப்பவும் கேக்கல. கம்ப்யூட்டர் யாருதும்மா?"

அவர் என்னை அடித்ததில்லை. நான் படித்தது வேறு பள்ளி. அன்று அடி வாங்கியது போல் இருந்தது.

குமரவேலிடம் சொன்னேன். சைட்டின் உச்சியில், 'விளம்பரம் வேண்டாதவர்கள் இங்கே அமுக்கவும்' என்று ஒரு பட்டன் வைத்தான். பச்சையில் வேண்டாம் என்று நான் சொன்னேன். எறும்பு அளவிலும் வேண்டாம் என்றேன். எல்லோரும் அமுக்கிவிட்டால் திருப்பூர்தான் என்று அவனுக்குத் தெரியும். அப்படியும் வைத்தான். கீழே அவனாகவே ஒரு வரி சேர்த்தான்: 'வெங்காய விலை கேட்டுச் சொல்ல ஆகும் செலவை இந்தக் கடைக்காரர்கள்தான் தருகிறார்கள்.'

முதல் ஆளாகச் சார் அமுக்கினார். அடுத்த மாதமே எனக்குப் போன் செய்தார். "அம்மா, அத எப்படித் திரும்பத் தொறக்கிறது? ஆடித் தள்ளுபடி வந்துருச்சான்னு வூட்ல பாக்கணுங்கிறா."

மற்றவர்கள் அமுக்கவே இல்லை. பிடித்துப்போய் அல்ல. அமுக்கிக் கெட்டவர்கள் இருக்கும் ஊர், எந்தப் பட்டனையும் நம்பவில்லை. கடைகள் திரும்பி வந்தன. ஐப்பசி போயிற்று. குமரவேல் திருப்பூருக்குப் போகவில்லை.

நானும் அதற்குப் பிறகு பெட்டியைக் கொடுக்கும்போது கேட்க ஆரம்பித்தேன். "கொசுவலை போடட்டுங்களா?" முதல் தடவை பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். வந்தவர் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நல்லதுன்னு படுறதப் போடுங்கம்மா" என்றார். அநேகமாக எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஒரு சிலர், "சார் வரட்டும், கேட்டுக்கலாம்" என்றார்கள்.

இப்போது சத்யா கேட்டதற்கு வருகிறேன். வலையோடுதான் பெட்டி வர வேண்டும் என்பேன். தனக்கு என்ன வேண்டும் என்று தேடிப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவரைக் கொசு அதிகம் கடிப்பதில்லை. மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவரைத்தான் கடிக்கிறது. ஆனால் வலையை எந்தப் பக்கம் தூக்கலாம் என்று முதல் நாளே காட்டிவிட வேண்டும். அதைத் தூக்கினால் யாருக்குச் சோறு என்பதும் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். சிஸ்டம் செய்கிற கம்பெனிகளில் சில விளம்பரமும் விற்கின்றனவாம். கொசு வளர்க்கிறவரிடமே வலை கேட்கிறோம். அவர்கள் தங்களுடைய கொசுக்களுக்கு மட்டும் ஓட்டை வைப்பார்கள் என்று ஊகிக்க எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. தங்கராசு அண்ணனிடம் வேலை பார்த்ததே போதும்.

கழுத்து வலியால் நான் வேலையை விட்ட அன்று அண்ணன் சால்வை போர்த்தி, ஒரு பொட்டலம் கொடுத்தார். வீட்டில் வந்து பிரித்தேன். நிஜக் கொசுவலை. இதையும் அவர் என்னைக் கேட்டு வாங்கவில்லை. எங்கள் வீட்டு ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடித்து வெகுகாலம் ஆகிறது.

சென்ற மாதம் குமரவேலைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சைட் நன்றாக ஓடுகிறது என்றான். "தங்கராசு அண்ணன் இந்த வருஷமும் விளம்பரம் கொடுத்துட்டாருங்க்கா. நிறுத்துறேன்னுதான் சொன்னாரு. நான் கணக்க எடுத்துக் காட்டுனேன். தினமும் காலையில யாரோ ஒருத்தர் தவறாம அவரு படத்த அமுக்குறாங்க. ஒருநாள் வுடல. யாருன்னே தெரியல. 'பாத்தியா, அரியலூர்ல நமக்குன்னு ஒரு ஆள் இருக்கான்'னு அண்ணனுக்கு ஒரே பெருமை."

"அப்படியா தம்பி" என்றேன்.

அரியலூர் பஸ் வந்து நின்றது. அவன் ஏறிக்கொண்டான். தினமும் அமுக்குவது யார் என்று யாராவது நேராகக் கேட்டால் சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.